நீக்கப்பட்டவை: அறுபத்தொன்று

அப்டேட் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன், நடுவர் அவர்களே. நடுவர் யார், இந்த எடிட் ரூமில் நானும் ஏசியும் மட்டும்தான் இருக்கிறோம், ஏசியும் பாதி நேரம் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது, இருந்தாலும் விவாத மேடைப் பழக்கம், சொல்லிவிடுகிறேன். காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததுமே அது பாட்டுக்கு ஓட ஆரம்பித்துவிட்டது, மூன்று சதவீதம், ஒன்பது சதவீதம் என்று நகர்ந்து நகர்ந்து மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்துதான் நூறைத் தொட்டது, இப்போது மணி ஒன்று இருபது. நான்கு மணிக்குச் செமினார் ஹாலில் இரங்கல் கூட்டம். லூர்துமேரியின் அம்மா ஊரிலிருந்து பஸ் ஏறிவிட்டார்களாம், கூட்டத்துக்கு வந்துவிட்டு ஹாஸ்டலில் இருக்கும் அவள் பெட்டியையும் எடுத்துப் போவார்களாம், ஒரே நடையில் இரண்டு வேலை, ஆபீஸில் அப்படித்தான் போனில் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் மூன்று நிமிட வீடியோ ஒன்றை நான் முடித்துக் கொடுக்க வேண்டும். லூர்து என் வகுப்பு, என் பெஞ்ச், என் பிராஜெக்ட் பார்ட்னர், செத்துப்போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது, இந்த மெஷின் என்னடாவென்றால் 'வணக்கம்! புதியவை என்ன?' என்று நீலப் பெட்டி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு சிரிக்கிறது. இப்போது தமிழிலுமாம். நூற்றி நாற்பது புது எழுத்து எஃபெக்ட். பேசுவதைத் தானே எழுத்தாக்கும். நிசப்தத்தை நீக்கும். மூச்சை நீக்கும். விட்டுப்போன சொல்லை அதே குரலில் நிரப்பும். 'அடுத்து' என்ற பொத்தானை அழுத்தாமல் இந்தப் பெட்டி மூடாது, ஐந்து முறை அழுத்தினேன், ஐந்தாவது முறையும் 'அருமை!' என்றது. எதுடா அருமை.

முதலில் பெயர். எந்த அஞ்சலி வீடியோவும் பெயரில்தான் ஆரம்பிக்கும், பெயர், அதன் கீழே தோற்றம் ஒரு தேதி, மறைவு ஒரு தேதி, பின்னால் புல்லாங்குழல். ச. லூர்துமேரி என்று அடித்தேன். எஃபெக்ட் பட்டியலைத் திறந்தேன். முன்பெல்லாம் கிளிக் செய்தால்தான் காட்டும், இப்போது மௌஸை மேலே கொண்டுபோனாலே போதும், நாம் அடித்து வைத்த பெயரையே ஆட்டிக் காட்டுகிறது, இது ஒரு முன்னேற்றமாம். மௌஸ் பட்டதும் லூர்துமேரி தீப்பிடித்தாள். கையை இழுத்துக்கொண்டேன், பக்கத்துக் கட்டத்தில் பட்டது, லூர்துமேரி சாம்பலாகி வலது பக்கமாகப் பறந்தாள். அதற்குக் கீழே 'நீர்' என்று ஒன்று, எழுத்தெல்லாம் மெல்லத் தண்ணீருக்குள் இறங்கி, மேலே சின்னச் சின்னக் காற்றுக் குமிழி வந்து உடைந்தது. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றுதான் பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் மௌஸை மேஜையிலிருந்தே தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், தூக்கிப் பிடித்தும் அந்தக் கட்டம் ஓடிக்கொண்டே இருந்தது, இறங்குவாள், குமிழி, மறுபடி மேலே வருவாள், இறங்குவாள். அப்போதுதான் பால்பாண்டி அண்ணன் எட்டிப் பார்த்தார். எங்கள் லேபுக்கு அவர்தான் டெக்னீஷியன், இருபது வருடம் கல்யாண வீடியோ எடுத்துவிட்டு இங்கே வந்தவர். "ரோசாப்பூ உதிர்ற மாதிரி ஒண்ணு புதுசா வந்திருக்கு தாயி, அதப் போட்ரு. அம்மாக்காரி பாத்தா மனசு ஆறும்." "அண்ணே, அது கல்யாணத்துக்கு." "கல்யாணத்துல போட்டா கல்யாணப் பூ, இழவுல போட்டா இழவுப் பூ. அது உதிரத்தான செய்யும், அதுக்கென்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு ஏசிக்கு அடியில் இருந்த வாளியை மாற்றிவிட்டுப் போய்விட்டார். அவரோடு நான் வாதாடவில்லை. கடைசியில் இருப்பதிலேயே சாதுவானது என்று டைப்ரைட்டர் எஃபெக்டைத் தொட்டேன், ஒவ்வொரு எழுத்தாக வரும், அவ்வளவுதான். ல என்று வந்தது. நின்றது. லூ என்று வந்தது. லூர. லூர். லூர்த. நின்றது, கோடு மட்டும் துடித்தது. லூர்து. நான் எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டேன், ஏனென்றால் அவள் அப்படித்தான் சொல்லுவாள், அட்மிஷன் அன்று முதல் பெஞ்சிலிருந்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வந்தபோது அவள் முறை வந்ததும் எழுந்து நின்று சரியாக இதே வேகத்தில், இதே இடத்தில் நின்று. உலகத்தில் எல்லாச் சொல்லையும்விடச் சொந்தப் பெயர்தான் கஷ்டம் என்பாள், மற்றதற்கெல்லாம் வேறு சொல் மாற்றிப் போட்டுத் தப்பிக்கலாம், பெயருக்கு மாற்று கிடையாது.

பஃபரிங், நெட் சிக்கி வீடியோ நின்று நின்று ஓடுமே, அப்படி என்று அவளுக்குப் பெயர் வைத்தது எங்கள் வகுப்பு நவநீதன். வைத்த ஒரு மணி நேரத்தில் நான் அவனை கேன்டீனில் பிடித்தேன், பல்கலைக்கழக விதி, மனித கண்ணியம், அவன் அப்பா, அவன் வளர்ந்த விதம், எல்லாவற்றையும் இழுத்து வைத்து டீ ஆறும்வரை பேசினேன், சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள், நவநீதன் ஸாரி கேட்டான். திரும்பி வரும் வழியில் லூர்து சொன்னாள், "ஏ... ஏட்டி மங்க, அவன் சொ... சொன்னது ஒத்த வார்த்த. நீ பே... பேசுனது இருவது நிமிஷம். எ... எது தாங்குறதுக்குக் கஷ்டம்னு நெனக்க?" என் முழுப்பெயர் மங்கையர்க்கரசி, அவளுக்கு அது ஆகாது, மங்க என்பாள், அதுவும் ம-வில் இரண்டு தடவை இடறும். அன்றைக்கு நான் சிரித்தேன். நகைச்சுவை என்று நினைத்தேன். என்னைப் பேச்சில் நிறுத்தக்கூடிய ஒரே ஆள் அவள்தான், விவாதப் போட்டி எங்கே நடந்தாலும் முன்வரிசையில் ஸ்டாப் வாட்சோடு உட்கார்ந்துகொள்வாள், ஒரு நிமிடம் மிச்சம் என்றால் மஞ்சள் அட்டை, முடிந்தது என்றால் சிவப்பு, அட்டையைத் தூக்கிவிட்டு ஒரு முறைப்பு. இரண்டு வருடமாக என் நேரத்தை அவள் எண்ணினாள். அவள் நேரத்தை நான் என்ன செய்தேன்? அவள் ஒரு சொல்லின் முதல் எழுத்தில் நிற்கும்போது மீதியை நான் எடுத்துக் கொடுத்தேன். உதவி என்றுதான் நினைத்தேன், சத்தியமாக, வேகமாக எடுத்துக் கொடுத்தால் அவளுக்குச் சிரமம் குறையும் என்று. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில், "எனக்கு ப... ப..." என்றாள். "பரோட்டாவா? வா, போவோம்." அவள் என்னைப் பார்த்தாள், பிறகு தலையை ஆட்டினாள், போனோம், தின்றோம். அவள் சொல்ல வந்தது பரோட்டா இல்லை. அது பாதித் தட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, கேட்டிருக்கலாம், சால்னா நன்றாக இருக்கிறது என்றேன்.

சரி, நேரம் ஓடுகிறது, ஒன்று ஐம்பத்தைந்து. வீடியோவுக்கு அவள் குரல் வேண்டும் என்று துறைத் தலைவர் வேதநாயகம் சார் சொல்லியிருக்கிறார், குரல் இருப்பது ஒரே இடத்தில்தான், நாங்கள் இருவரும் கடைசியாகச் செய்த டாக்குமெண்டரியில். பஸ் ஸ்டாண்டில் மைக்கில் ஊர்ப்பெயர் அறிவிக்கிற ஒரு மனிதரைப் பற்றியது. எட்டு மணி நேரம் நிற்காமல் பேசுகிற ஒருவர், அவரை யாருமே பார்த்ததில்லை. அந்த விஷயம் அவள் கண்டுபிடித்தது, எழுதியது அவள், அதனால் பின்னணிக் குரலும் நீதான் கொடுக்க வேண்டும் என்று நான்தான் சண்டை போட்டேன். மாட்டேன் மாட்டேன் என்றாள். திக்கினால் என்ன, எடிட்ல பார்த்துக்கலாம் என்றேன். எங்கள் துறையில் எதற்கும் இதுதான் பதில், லைட் சரியில்லையா, எடிட்ல பார்த்துக்கலாம், மைக் போடவில்லையா, எடிட்ல பார்த்துக்கலாம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ஹாஸ்டல் ரூமில் உட்கார்ந்து போனில் ரெக்கார்ட் பண்ணி அனுப்பினாள், மறுநாள் காலை சப்மிஷன். ஒன்பது நிமிடம் நாற்பது வினாடி. நான் வீட்டில் இருந்தேன், மெஸ்ஸில் தயிர் போடவில்லை என்று வார்டனோடு சண்டை போட்டு ஜெயித்த கையோடு போன வருடமே ஹாஸ்டலை விட்டு வந்துவிட்டேனே. ஃபைலை எடுத்து டைம்லைனில் போட்டு, 'நிசப்தம் நீக்கு' என்று பழைய வெர்ஷனிலேயே ஒரு வசதி இருந்தது, அதை ஓடவிட்டேன், எந்தச் சத்தத்துக்குக் கீழே நிசப்தம் என்கிற அளவை, மின்விசிறி ஓடியதால் கொஞ்சம் ஏற்றியே வைத்தேன், டக் டக்கென்று வெட்டி நாலு நிமிடமாக்கிக் கொடுத்துவிட்டது. அந்த நாலு நிமிடத்தைத்தான் கேட்டேன். போனில் அவள் மெசேஜ் வந்தது, கேட்டியா? கேட்டேன்டி, சூப்பர், என்று போட்டு ஒரு கட்டைவிரலையும் போட்டேன். அவள் பார்த்துவிட்டதற்கு இரண்டு நீலக் கோடு விழுந்தது. அதற்குப் பிறகு அவள் ஒன்றும் எழுதவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் ஹாஸ்டல் பாத்ரூமில் மயங்கி விழுந்தாள், வெள்ளி விடிவதற்குள் போய்விட்டாள்.

பழைய பிராஜெக்டைத் திறந்தேன். 'இது முந்தைய வெர்ஷனில் உருவாக்கப்பட்டது, மாற்றவா?' என்று கேட்டது. ஆம் என்றால் மாற்றும், இல்லை என்றால் மூடிக்கொள்ளும், இதில் கேள்வி எங்கே இருக்கிறது? மாற்றியது. திரையின் வலது பக்கத்தில் முன்பு இல்லாத ஒரு பட்டியல் நீண்டு விழுந்தது. மேலே தலைப்பு, 'நீக்கப்பட்டவை: 61. மீட்டெடுக்கலாம்.' கீழே ஒவ்வொன்றாக, நிசப்தம் நாலு வினாடி, நிசப்தம் இரண்டு வினாடி, நிசப்தம் பதினொன்று. எனக்கு என்னவோ போல இருந்தது, பிணவறையில் டோக்கன் எண் ஒட்டி வரிசையாக வைத்திருக்கிற மாதிரி. அதைச் சுருக்கி ஓரமாகத் தள்ளினேன். அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு சார் வந்தார். "என்னம்மா மங்கை, எவ்வளவு வந்திருக்கு?" புது வெர்ஷனில் மூச்சு நீக்கும் வசதி இருக்கிறதாமே, போடச் சொன்னார், போட்டேன், திக்கலைக் கோத்து விடுகிறதாமே, அதையும் போடச் சொன்னார். லூர்து பேசினாள். 'இந்தக் குரலுக்கு முகம் கிடையாது, ஆனால் இந்த ஊரை விட்டுப் போகிற ஒவ்வொருவரையும் இந்தக் குரல்தான் வழியனுப்புகிறது.' ஒரே ஓட்டம். ஒரு தடுமாற்றம் இல்லை, மூச்சு வாங்கல் இல்லை, செய்தி வாசிக்கிறவள் மாதிரி. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "எவ்வளவு அழகா பேசுறா பாரு. அம்மா பார்த்தா பெருமையா இருக்கும்மா." "சார், இது அவ பேசுற மாதிரியே இல்ல சார்." "உயிரோட இருந்தப்பதான் பாவம் பேச முடியல. இப்பவாவது பேசட்டுமே." இதற்கு என்னிடம் ஏழு பதில் இருந்தது, ஏழையும் வரிசைப்படுத்துவதற்குள் அவர் அடுத்ததற்குப் போய்விட்டார். "அந்தக் குரல் நிரப்புறது இருக்குல்ல, கடைசியில 'துறைக்கு நன்றி' ன்னு ரெண்டு வார்த்தை அவ குரல்லயே வரட்டும்." "சார், அவ சொல்லாதத எப்படி சார்..." "டாக்குமெண்டரி முடிவுல எல்லாரும் சொல்றதுதானம்மா. ஒரு மரியாதை." கதவருகே நின்று கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார், "வார்டன் மேடமும் வர்றாங்க. மனசுக்குள்ள வச்சுக்காத. யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காப்பாத்தியிருக்கலாம். சொல்லலியே அந்தப் பிள்ளை." எனக்குக் கோபம் தலைக்கேறியது, ஆனால் உண்மையைச் சொல்கிறேன், பன்னிரண்டு நாளாக நானும் இதே வாக்கியத்தைத்தான் பஸ்ஸில், குளியலறையில், சோற்றுத் தட்டின் முன்னால் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லித் தொலைச்சிருக்கலாம்லடி. என்கிட்டயாவது. மூன்று பேர் சேர்ந்து செத்தவள் மேல் ஒரு குற்றப்பத்திரிகை எழுதியிருக்கிறோம், சார், வார்டன், நான். அடக்கத்தன்று அவள் அம்மாவும் அதையேதான் சொல்லி அழுதார்கள், வாய் தொறந்து சொல்லலியே எம்மவ, பாழாப்போன நாக்கு எம்மவளக் கொன்னுட்டே.

நன்றி சொல்ல வைக்க மாட்டேன். அது முடிவு. ஆனால் பிடிவாதமாக மூச்சையாவது திரும்பக் கொண்டுவருகிறேன் என்று ஓரத்தில் சுருக்கி வைத்த பட்டியலை இழுத்து விரித்தேன். புது வெர்ஷனில் நீக்கியதை மட்டும் தனியாக ஓட விடலாம். ஓடவிட்டேன். முதலில் மின்விசிறி. பிறகு மூச்சு. நாலு வினாடி மூச்சு, இரண்டு வினாடி மூச்சு, ஏதோ ஒரு சொல்லின் வாசலில் போய் நிற்கிற மூச்சு. இரண்டு சொல்லுக்கு நடுவில் அவள் இவ்வளவு நேரம் இருந்திருக்கிறாள், அங்கேதான் இருந்திருக்கிறாள், சொல்லில் அல்ல. பத்தைத் தாண்டும்போது அது இழுப்பாக மாறியது. இருபதில் ஒரு சின்ன விசில் போல. முப்பதில் இருமல், வாயைத் துணியால் பொத்திக்கொண்டு இருமுகிறாள், ரெக்கார்டிங்கில் விழுந்துவிடக் கூடாதாம். செவ்வாய்க்கிழமையே இப்படியா மூச்சு விட்டாய் லூர்து, இது எல்லாமே என் டைம்லைனில் இருந்ததா, இதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டா நான் சூப்பர் என்றேன். நிறுத்திவிடலாம் என்று கை போனது, நிறுத்தவில்லை. அறுபதாவது முடிந்து அறுபத்தொன்று. 'நிசப்தம், 2 நிமிடம் 38 வினாடி.' ஸ்கிரிப்ட் முடிந்த பிறகு போனை அணைக்க மறந்துவிட்டாள் போல என்று நினைத்தேன். பதினோரு வினாடி மூச்சு மட்டும். அதற்கப்புறம் ரொம்பத் தள்ளி, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, மின்விசிறிச் சத்தத்துக்கும் கீழே, "ம... ம... மங்க. ஸ்... ஸ்கிரிப்டு முடிஞ்சு. இது ஒ... ஒனக்கு. எனக்கு மூ... மூச்சு ஏற மாட்டேங்கு. நெஞ்சு கு... குத்துது. வா... வார்டன்ட்டப் போனேன், சொ... சொல்லி முடிக்கதுக்குள்ள ரெண்டு மா... மாத்திரையத் தந்து கதவச் சாத்திட்டா." இருமல், நெடுநேரம். "ஆறு மணிக்கு மேல வெளிய போக அ... அவுட்பாஸ் கெடையாதாம். போ... போன்ல பேச எனக்கு வ... வராதுன்னு ஒனக்குத் தெரியும்லா. நீ வா... வார்டனுக்கு ஒரு போன் போடு. நீ பே... பேசுனா கேப்பா. த... தயிருக்கு சண்ட போட்டு ஜெ... ஜெயிச்சவல்லா நீ." சிரிக்கிறாள். சிரிப்பு இருமலில் போய் முடிகிறது. மறுபடி மூச்சு, அப்புறம், "இ... இத மட்டும் வெட்டிட்டு மிச்சத்தப் போட்டுக்க, என்ன." அவ்வளவுதான். போனை அணைக்கிற சத்தம்.

ஏசி சொட்டுகிறது. வாளியில் விழுகிற ஒவ்வொரு சொட்டும் தனித்தனியாகக் கேட்கிறது. கேட்டியா என்று கேட்டாள். கேட்டேன் என்றேன். அதனால் அவள் காத்திருந்தாள், கணக்குச் சரியாக வருகிறது, செவ்வாய் இரவு காத்திருந்தாள், மங்கை போன் போட்டிருப்பாள், வார்டன் எந்த நிமிடமும் வந்து கதவைத் தட்டுவாள் என்று. புதன் பகல் முழுக்கக் காத்திருந்தாள். அன்று அவள் வகுப்புக்கு வராததைப் பார்த்து நான் என்ன நினைத்தேன், சப்மிஷனை என் தலையில் கட்டிவிட்டுத் தூங்குகிறாள் என்று நினைத்தேன். மறுபடி ஒருமுறை கேட்டிருக்கக் கூடாதா அவள்? மாட்டாள். ஒரு தடவை சொல்வதற்கே அவளுக்கு இரண்டு நிமிடம் முப்பத்தெட்டு வினாடி. சொல்லிவிட்டாள், நான் கேட்டேன் என்றும் சொல்லிவிட்டேன், இதற்குமேல் வற்புறுத்தினால் எனக்குத் தொந்தரவு என்று நினைத்திருப்பாள், இல்லை, மங்கை பேசிப் பார்த்திருப்பாள், மங்கை பேசியே கேட்கவில்லை என்றால் இனி யார் பேசி என்ன என்று நினைத்திருப்பாள். நடுவர் அவர்களே. நடுவர் அவர்களே. மஞ்சள் அட்டை தூக்க ஆள் இல்லை. கை தானாகத்தான் போனது, குரல் நிரப்பும் பெட்டியைத் திறந்தது, நான் திறந்தேன் என்று சொல்வதுதான் நேர்மை, நான் திறந்தேன். 'அவர் என்ன சொல்ல வேண்டும்?' என்று கேட்டது. பரவால்ல மங்க, விடு, என்று அடித்தேன். மூன்று புள்ளி சுற்றியது. "பரவால்ல மங்க, விடு." அவள் குரல், சந்தேகமே இல்லை, அந்தக் கொஞ்சம் மூக்கில் பேசுகிற குரல். ஆனால் ம-வில் இடறவில்லை. வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட என் பெயரை அவள் அப்படி வாயிலிருந்து கொட்டியதில்லை, ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை முட்டி, மூன்றாவதில் கதவைத் திறந்து என்னை உள்ளே விடுவாள். இது யார்? இந்த அறையில் என்னிடம் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு இப்போது என்னையே பார்த்துக்கொண்டிருப்பது யார்? மறுபடி கேட்க ஆசையாக இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. அழித்தேன். 'நிச்சயமாகவா?' என்றது. நிச்சயமாக.

இரண்டு ஐம்பது. இப்போது வாதம். எதிர்த்தரப்பு: அவளே வெட்டச் சொல்லியிருக்கிறாள், இதை மட்டும் வெட்டு என்று தெளிவாக, அவள் கடைசியாகக் கேட்ட ஒன்றையாவது செய். நல்ல வாதம், இதைச் சொல்லிக்கொண்டே நான் ஆயுள் முழுக்க நிம்மதியாக இருக்கலாம், அந்தத் துண்டைக் கேட்டது நான் மட்டும்தான். மறுப்பு: கேட்டுவிட்டு வெட்டச் சொன்னாள், நான் கேட்காமல் வெட்டினேன், அதைக் கீழ்ப்படிதல் என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது. இன்னும் ஒன்று, யாரிடமும் சொல்லவில்லை என்று நான்கு மணிக்கு மைக்கில் சொல்லப்போகிறார்கள், அதைக் கேட்டுக்கொண்டு அவள் அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போவார்கள், மகளின் நாக்கைத் திட்டிக்கொண்டே மிச்ச நாளைக் கழிப்பார்கள். வார்டனை மாட்டிவிடத்தான் இது என்பார்கள். மாட்டட்டும், ஆனால் வார்டன் சாத்தியது ஒரு கதவு, நான் அறுபத்தொன்று. டைம்லைனை முழுவதும் துடைத்தேன். போட்டோக்கள், புல்லாங்குழல், வழுக்கிக்கொண்டு பேசிய அந்தப் பெண், எல்லாம் போனது. அறுபத்தொன்றாவது துண்டை மட்டும் மீட்டு வைத்தேன், ஒலியைக் கொஞ்சம் ஏற்றினேன், அதைத் தவிர ஒன்றும் தொடவில்லை, படம் இல்லை, வெறும் கறுப்பு. சார் கேட்ட மூன்று நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது. முன்னால் பெயர், எஃபெக்ட் இல்லாமல், ஒரே தடவையில் முழுதாக. கடைசியில் ஒரு வரி வேண்டும். 'செவ்வாய்க்கிழமை அனுப்பியது. கேட்காமல் வெட்டியவள்: மங்கையர்க்கரசி.' வெள்ளை எழுத்து. அதற்கு எந்த எஃபெக்டும் போட வேண்டாமா என்று மெஷின் இரண்டு முறை கேட்டது.

பென்டிரைவோடு வராந்தாவுக்கு வந்தபோது ஹால் வாசலில் அம்மா நின்றிருந்தார்கள், பக்கத்தில் ஹாஸ்டலிலிருந்து இறக்கி வைத்த பெட்டி, அதன் மேல் சுருட்டிய பாய். நான் அவர்களிடம் போய், என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக முன்னுரை இல்லாமல், "அம்மா, லூர்து சொன்னா. என்கிட்டதான் சொன்னா. ரெக்கார்ட் பண்ணி அனுப்பினா, நான் கேக்கல. கேட்டேன்னு பொய் சொல்லிட்டேன்" என்றேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். அடிப்பார்கள் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். "அதத்தான் உள்ள போடப் போறேன். உங்களுக்கு வேண்டாம்னா போடல." பெட்டி மேல் சரிந்த பாயை நேராக்கி வைத்துவிட்டு, "அவதான் பேசுதாளா? நடுவுல வேற யாரும் பேசலியே?" என்று கேட்டார்கள். "அவ மட்டும்தாம்மா." "அப்ப போடு" என்று சொல்லி முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்கள், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சார் மைக்கில் பேசினார், யாரிடமும் சொல்லவில்லை என்ற இடம் வந்தது, வார்டன் மேடம் தலையை அசைத்தார், விளக்கை அணைத்தார்கள். பெயர் வந்தது. போனது. கறுப்பு. மூச்சு, ஹாலின் பெரிய ஸ்பீக்கரில் யாரோ காதோரம் நிற்பதுபோல. மூன்று வினாடி, நாலு. நாற்காலிகள் நகர்ந்தன. பின்னால் யாரோ, "ஹேங் ஆயிருச்சு போல" என்றார்கள். பால்பாண்டி அண்ணன் புரொஜக்டர் பக்கம் எழுந்தார், நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். இன்னொரு குரல் பழக்கத்தில் "பஃபரிங்" என்று ஆரம்பித்து, தான் சொன்னது தனக்கே கேட்டு, பாதியில் நின்றது. ஏழு. எட்டு. முன்வரிசையில் அம்மா மட்டும் அசையவில்லை. திரையைப் பார்க்கவில்லை, தலையைக் கொஞ்சம் சாய்த்து, எதிரே ஒருத்தி உட்கார்ந்திருப்பதைப்போலக் காத்திருந்தார்கள், இருபத்திரண்டு வருடமும் இப்படித்தான் இருந்திருப்பார்கள், ஒரு சொல்லைக்கூட எடுத்துக் கொடுக்காமல். இது நின்றுபோன படம் இல்லை, மகள் பேசப் போகிறாள் என்று அந்த ஹாலில் அவர்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது. பத்து. "ம்" என்றார்கள் மெதுவாக, சொல்லு என்று. ஸ்பீக்கரில், ம... என்று வந்தது. ம... எனக்கு அந்தச் சொல் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.